ரெண்டு ஜிபி ராம் லேப்டாப்புக்குத் தமிழ ஒழுங்கா காட்டுத லேசான பிரவுசர் எது? ஓப்பன் சோர்ஸா வேணும்

வீரை_திண்ணை
வெள்ளி, இரவு 9:40

வணக்கம் எல்லாருக்கும். எனக்கு வீரவநல்லூர் பக்கம். வீட்டுத் திண்ணையில சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் பிள்ளைங்களுக்கு ஒரு சின்னப் படிப்பகம் மாதிரி நடத்துதேன், காசு ஒண்ணும் வாங்கது கெடையாது, ஆறாப்புலேர்ந்து பத்தாப்பு வரைக்கும் பன்னெண்டு பிள்ளைங்க வருதாங்க.

மூணு லேப்டாப் இருக்கு. மூணுமே அரசாங்கம் பன்னெண்டாப்புல விலையில்லாம குடுத்தது தான், ஒண்ணு எங்க தங்கச்சிக்கு 2012-ல கெடச்சது, மத்த ரெண்டும் தெருவுல பரண்ல கெடந்தத கேட்டு வாங்கி தூசி தட்டுனது. எல்லாத்துலயும் ராம் 2 ஜிபி, பழைய சுத்துத ஹார்ட் டிஸ்க்கு. மாமா மவன் ஒருத்தன் வந்து ஆன்டிஎக்ஸ் லினக்ஸ்னு பழைய மெஷினுக்கான லேசான சிஸ்டம் போட்டுக் குடுத்துட்டுப் போனான், அவன் இப்ப வேலைக்கு வெளியூரு போயிட்டான். லினக்ஸ் நல்லாத்தான் ஓடுது, ரைட்டர்ல தமிழ் டைப் பண்ணுதாங்க, கணக்கு போடுதாங்க, அதுல ஒரு குறையும் இல்ல. பிரவுசரத் தொறந்தா தான் வினை. குரோமியம் போட்டிருக்கு, ரெண்டு டேப் தொறந்து மூணாவதுக்குப் போனா மவுஸ் அப்படியே நின்னுரும், டிஸ்க் லைட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டே கெடக்கும், பவர் பட்டன அமுக்குனா தான் உண்டு. பிள்ளைங்க காத்திருந்து காத்திருந்து எழுந்திருச்சு வெளயாடப் போயிருதாங்க.

போன வாரம் ஒருத்தர் டில்லோன்னு ஒரு பிரவுசர் சொன்னாரு. போட்டுப் பாத்தேன், கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள தொறந்துட்டு, நெஜமாவே ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா தமிழ்ப் பக்கம் போனா எழுத்தெல்லாம் செதறிக் கெடக்கு. ‘மேகம்’னா இரட்டைக் கொம்பு ம-வுக்குப் பின்னால போயி நிக்கி, கு டு எல்லாம் ஒட்டாம தனித்தனியா தெரியுது. ஆறாப்பு படிக்க ஒரு பிள்ள எழுத்துக்கூட்டி வாசிச்சுப் பாத்துட்டு ‘யக்கா இது தப்பா, நான் படிச்சது தப்பா’ன்னு கேட்டா. எனக்கு மனசு கேக்கல, ஒடனே மூடிட்டேன்.

எனக்கு வேண்டியது இது தான். தமிழ் விக்கிப்பீடியா, பேப்பர் செய்தி, பாடப் புத்தகம் பாக்கணும், எப்பவாவது உதவித்தொகை ஃபாரம் போடணும். நெட் என் போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தான். ஓப்பன் சோர்ஸா தான் வேணும், உள்ளுக்குள்ள என்ன நடக்குன்னு நாலு பேரு பாத்துச் சொல்லக்கூடியத மட்டும் தான் பிள்ளைங்க கையில குடுக்க நெனைக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஜங்ஷன்_சர்வீஸ்
வெள்ளி, இரவு 10:25

தங்கச்சி, நீ கேட்டது எங்க கடைக்கு மாசத்துக்கு நாலு பேராவது வந்து கேக்க கேள்வி, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன்.

லைட் பிரவுசர்னு பேரு போட்டு வாரது நெறைய. ஆனா பிரவுசருக்கு உசுரு அதோட எஞ்சின்ல இருக்கு, பக்கத்த வாங்கி வரைஞ்சு காட்டுத பகுதி. இன்னைக்கு பெரிய எஞ்சின்னா மூணு தான், குரோமியத்துக்குள்ள இருக்க பிளிங்க், பயர்பாக்ஸ்ல இருக்க கெக்கோ, அப்புறம் வெப்கிட். லைட்டு லைட்டுன்னு சொல்லுத பலதும் இந்த மூணுல ஒண்ண எடுத்து மேல வேற சட்டைய மாட்டுனது தான். பட்டன் கம்மி, மெனு கம்மி, அதுல ஒரு அம்பது எம்பி மிச்சமாகும், ஆனா பக்கத்தத் தொறந்ததும் உள்ள ஓடுதது அதே எஞ்சின் தான, அதே தீனி தான கேக்கும்.

எஞ்சினையே சின்னதா சொந்தமா எழுதுனவங்கன்னு பாத்தா டில்லோ, நெட்சர்ஃப் ரெண்டும் தான் இப்ப நம்ம கைக்கு எட்டுத மாதிரி இருக்கு. டில்லோவ நீ பாத்துட்ட. நெட்சர்ஃப்ப போட்டுப் பாரு. 2002-ல ரிஸ்க் ஓஎஸ்ன்னு ஒரு பழைய சிஸ்டத்துக்காக ஆரம்பிச்சது, அந்த மெஷினுக்கெல்லாம் ராம் கொஞ்சூண்டு தான், அதனால மொதல்லேர்ந்தே சிக்கனமா எழுதிப் பழகுன பிரவுசர் அது. ஜிபிஎல் லைசென்ஸ், நீ கேட்ட ஓப்பன் சோர்ஸ் தான். அதுல ஜிடிகே (விண்டோ, பட்டன் வரையுத லைப்ரரி) பதிப்புன்னு இருக்கும் பாரு, அதத் தான் போடணும், ஃபிரேம்பஃபர் பதிப்புன்னு இன்னொண்ணு உண்டு, அது நமக்கு வேண்டாம்.

ஹேங் ஆவுதுக்குக் காரணம் ராம் தீந்து ஸ்வாப்புக்கு, அதாவது ராமுக்குப் பதிலா டிஸ்க்குல ஒதுக்கி வச்ச எடத்துக்குப் போவது. சுத்துத டிஸ்க்ல ஸ்வாப் விழுந்தா எந்திரிக்காது. அத நாளைக்குச் சொல்லுதேன், கடைய அடைக்கணும்.


பாளை_பொறியாளன்
வெள்ளி, இரவு 11:52

அக்கா, டில்லோல தமிழ் ஏன் செதறுதுன்னு எனக்குத் தெரியும், நானும் அதுல மாட்டி ஒரு ராத்திரி பூரா உக்காந்து தேடியிருக்கேன், அதனால சொல்லுதேன்.

யூனிகோட்ல (கம்ப்யூட்டர் எழுத்த சேமிக்க முறை) ‘மே’ன்னு எழுதுனா உள்ள மொதல்ல ம, அதுக்கப்புறம் தான் இரட்டைக் கொம்பு, அந்த வரிசையில தான் சேமிச்சு வச்சிருக்கும். நாம சொல்லுத வரிசை அது. ஆனா கண்ணுக்குக் காட்டும்போது கொம்பு முன்னால வரணும்ல, அப்ப எழுத்த எடம் மாத்திப் போட ஒரு ஆள் வேணும். கு, டு மாதிரி எழுத்துக்கு உருவமே மாறுது, அதுக்கும் அந்த ஆள் வேணும். அந்த வேலைக்குப் பேரு ஷேப்பிங். லினக்ஸ்ல ஹார்ஃப்பஸ்னு ஒரு லைப்ரரி அதச் செய்யுது, பாங்கோன்னு இன்னொண்ணு அத வச்சு வரி வரியா அடுக்குது. டில்லோ எஃப்எல்டிகேன்னு விண்டோ, பட்டன் வரையுத ஒரு ரொம்பச் சின்ன டூல்கிட் மேல நிக்கி, அதோட 1.3 வரிசையில இந்த ஷேப்பிங்கே கெடையாது, எழுத்த வந்த வரிசையில அப்படியே கொட்டிரும். இங்கிலீஷுக்கு அது போதும், நமக்கு எப்படிப் போதும். ஃபான்ட்ட மாத்திப் பாக்காதீங்க அக்கா, நான் நாலு ஃபான்ட் மாத்திப் பாத்தேன், ஃபான்ட் மேல தப்பே இல்ல.

நெட்சர்ஃப் ஜிடிகே பதிப்பு எழுத்துக்குப் பாங்கோவத் தான் கூப்பிடுது, அதனால தமிழ் சுத்தமா வரும். லோஹித் தமிழ் இல்லன்னா நோட்டோ தமிழ் ஃபான்ட் இருக்கான்னு மட்டும் பாத்துக்கிடுங்க.

ஆனா டில்லோவ ஒதுக்கிராதீங்க, எனக்கு அது மேல ஒரு பிரியம். 1999 டிசம்பர்ல மொத பதிப்பு வந்தது, சி மொழியிலயும் சி பிளஸ் பிளஸ்லயும் எழுதுனது, ஜாவாஸ்கிரிப்டே (பக்கத்துக்குள்ள ஓடுத நிரல்) கெடையாது, குக்கிய நாமளா அனுமதிச்சா தான் வாங்கும். கீழ மூலையில ஒரு பக் மீட்டர் இருக்கும் பாத்தீங்களா, பக்கத்த எழுதுத எச்டிஎம்எல் மொழியில எத்தன தப்பு இருக்குன்னு எண்ணிச் சொல்லும், கிளிக் பண்ணுனா எந்த வரியில என்ன தப்புன்னே காட்டும். நான் வெப் பேஜ் எழுதப் படிச்சதே அதப் பாத்துத் தான், வாத்தியாரு பக்கத்துல நிக்க மாதிரி இருக்கும். 2015-ல 3.0.5 வந்தபெறவு பல வருசம் ஒண்ணும் வரல, அதோட பழைய வெப்சைட் முகவரியே கைய விட்டுப் போயிட்டு, எல்லாரும் முடிஞ்சிட்டுன்னு தான் நெனச்சோம். அப்புறம் புதுசா ஒருத்தர் எடுத்துச் செஞ்சு 2024 மே மாசம் 3.1.0 விட்டாரு. ஒம்பது வருசம். மூலநிரல் வெளிய கெடந்ததால தான அது நடந்துச்சு, பூட்டி வச்சிருந்தா அன்னைக்கே செத்திருக்கும். எஃப்எல்டிகே 1.4-ல பாங்கோ சேத்துக்கிடுத வசதி வந்திருக்கு, அது டில்லோவுக்குள்ள முழுசா வந்து தமிழ் ஒழுங்கா தெரியுத நாளுக்குத் தான் நான் காத்திருக்கேன்.

பத்தாப்பு பிள்ளைங்க யாராவது எச்டிஎம்எல் படிக்க ஆசப்பட்டா அவங்களுக்கு டில்லோவக் காட்டுங்க அக்கா.


குற்றால_சாரல்
சனி, காலை 7:15

ஃபால்கன் யாரும் சொல்லலியே. கேடிஈன்னு லினக்ஸ் மென்பொருள் செய்யுத குழுவோடது, முன்னால குப்ஸில்லான்னு பேரு, 2018-ல ஃபால்கன் 3.0ன்னு வந்துச்சு. ஆட்பிளாக் உள்ளேயே இருக்கு, தமிழ் நல்லாத் தெரியும், எல்லா சைட்டும் தொறக்கும். தென்காசில எங்க வீட்டு மெஷின்ல நல்லாத்தான் ஓடுது, ராம் 4 ஜிபி. அது சரிப்பட்டு வராதா?


ஜங்ஷன்_சர்வீஸ்
சனி, காலை 10:05

சாரல் தம்பி, உம்ம மெஷினுக்குச் சரி. ஆனா ஃபால்கனுக்குள்ள ஓடுதது க்யூட் வெப்எஞ்சின், அது யாருன்னு பாத்தா குரோமியம் தான். நேத்து நான் சொன்ன சட்டை மாத்துத கதை. 2 ஜிபில அங்கேயும் மூணாவது டேப்புல நின்னுரும்.

இன்னொரு விசயமும் இருக்கு. டெபியன் லினக்ஸ்காரங்க அவங்க வெளியீட்டுக் குறிப்புலயே எழுதி வச்சிருக்காங்க, பிரவுசர் எஞ்சின்ல எல்லாத்துக்கும் பாதுகாப்பு அப்டேட் குடுக்க எங்களால முடியாது, பயர்பாக்ஸ், குரோமியம், வெப்கிட் ஜிடிகே இதுக்குத் தான் குடுப்போம்னு. க்யூட் வெப்எஞ்சின் அந்தக் கணக்குல வராது. ஆன்டிஎக்ஸ் டெபியன் மேல நிக்கது தான. அதனால பாஸ்வேர்டு போடுத எடம், பேங்கு, ஆதார், உதவித்தொகை ஃபாரம் எல்லாத்துக்கும் பயர்பாக்ஸ் இஎஸ்ஆர் (ரொம்ப நாளைக்குப் பாதுகாப்பு அப்டேட் வார பதிப்பு) தவிர வேற எதையும் நான் சொல்ல மாட்டேன். நெட்சர்ஃப்லயும் செய்யாதம்மா, முக்காவாசி ஃபாரம் அதுல தொறக்கவே தொறக்காது, தொறந்தாலும் செய்யாத.

ஆக ஒரு பிரவுசர்லயே எல்லாத்தையும் முடிக்கணும்னு நெனைக்காத. வாசிக்கதுக்கு ஒண்ணு, ஃபாரத்துக்கு ஒண்ணு. நாலு பாரா கட்டுரை படிக்க குரோமியத்தத் தொறக்கது ஒரு கடுதாசியக் கொண்டுபோய்க் குடுக்க நெல்லையப்பர் தேர இழுக்க மாதிரி. தேரு வேண்டிய நாளுக்குத் தேரு இருக்கட்டும்.

பயர்பாக்ஸ்ல செய்ய வேண்டியதக் கேளு. மொத வேலை யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன் போடு, அதுவும் ஓப்பன் சோர்ஸ் தான், ஜிபிஎல். குரோம்ல அதுக்கு இப்ப எடமில்லாம ஆக்கிட்டாங்க, பயர்பாக்ஸ்ல முழுசா ஓடும். விளம்பரம் போறது மட்டும் இல்ல, விளம்பரத்தோட வார ஸ்கிரிப்ட்டு, பின்தொடருத ஸ்கிரிப்ட்டு எல்லாம் எறங்கவே எறங்காது, ராமும் மிச்சம் உன் ஹாட்ஸ்பாட் டேட்டாவும் மிச்சம். அதோட சின்ன விண்டோவத் தொறந்தா கீழ வரிசையா பட்டன் இருக்கும். ஒண்ணு அந்த சைட்டுக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட்ட நிப்பாட்டும், ஒண்ணு வெளியிலேர்ந்து வார ஃபான்ட்ட நிப்பாட்டும், ஒண்ணு பெரிய படம் வீடியோவ நிப்பாட்டும், 50 கேபிக்கு மேல உள்ளத எறக்காதன்னு இருக்கும், நம்பர நாமளே மாத்திக்கிடலாம். தமிழ்ச் செய்தி சைட்டுக்கு ஜாவாஸ்கிரிப்ட்ட நிப்பாட்டிப் பாரு, முக்காவாசியில செய்தி அப்படியே வரும், சுத்தி ஆடிக்கிட்டு இருந்ததெல்லாம் போயிரும்.

ரெண்டாவது, பயர்பாக்ஸ் 140-லேர்ந்து டேப் மேல ரைட் கிளிக் பண்ணுனா அன்லோட் டேப்னு வரும். டேப் அங்கனயே இருக்கும், ராம மட்டும் விட்டுரும். பிள்ளைங்களுக்கு இதப் பழக்கிரு.

மூணாவது ஸ்வாப். ஸிராம்னு ஒண்ணு உண்டு, டிஸ்க்குக்குப் போறதுக்குப் பதிலா ராம்லயே ஒரு பகுதியில டேட்டாவ அமுக்கிச் சுருக்கி வைக்கும். ப்ராசஸருக்குக் கொஞ்சம் வேலை கூடும், ஆனா டிஸ்க்கு லைட்டு எரிஞ்சு மவுஸ் நிக்கது பாதிக்குப் பாதி கொறையும். அதப் போடத் தெரியலன்னா இங்க கேளு, ஒவ்வொரு கமாண்டா எழுதுதேன்.


கோமதிபுரம்
சனி, மதியம் 1:30

நடுவுல பூந்து கேக்கதுக்கு மன்னிக்கணும் அண்ணாச்சி. சங்கரன்கோவில்லேர்ந்து. எங்கிட்ட இருக்கது 1 ஜிபி ராம் உள்ள குட்டி நெட்புக், 32 பிட் ப்ராசஸர். பயர்பாக்ஸ் இனி வராதுன்னு சொல்லுதாங்களே நெசமா?


ஜங்ஷன்_சர்வீஸ்
சனி, மதியம் 2:10

நெசம் தான். லினக்ஸ் 32 பிட்டுக்குப் பயர்பாக்ஸ் 144 தான் கடைசி, 145-லேர்ந்து கெடையாது. இஎஸ்ஆர் 140-ல இருந்தா கொஞ்ச காலம் ஓட்டலாம். குரோம் 2016-லயே கைய விட்டுட்டு. உம்ம மெஷினுக்கு நெட்சர்ஃபும் டில்லோவும் தான் கடைசி வரைக்கும் கூட வரும். 1 ஜிபில ஃபாரம் போடுத ஆசைய விட்டுருங்க, அதுக்குப் போன் போதும். வாசிக்க, எழுத, பாட்டுக் கேக்க வச்சுக்கிடுங்க, தூக்கிப் போடாதீங்க.


வீரை_திண்ணை
ஞாயிறு, இரவு 8:50

அண்ணாச்சிக்கும் தம்பிக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளா இதே சோலியாத் தான் இருந்தேன், நடந்தத அப்படியே எழுதுதேன், பெறவு வாரவங்களுக்கு ஒதவும்.

நெட்சர்ஃப் சினாப்டிக்ல (லினக்ஸ்ல மென்பொருள் தேடிப் போடுத எடம்) தேடி ஜிடிகேன்னு இருக்கத போட்டேன். எறங்குனது கொஞ்ச எம்பி தான். மொத வேலையா தமிழ் விக்கிப்பீடியாவுல தாமிரபரணி பக்கத்தத் தொறந்தேன், கொம்பு கொம்பு எடத்துல இருக்கு, கு கு-வா இருக்கு! அந்த ஆறாப்பு பிள்ளையக் கூப்பிட்டு ஒக்கார வச்சேன், பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடல்ல சேருததுன்னு விக்காம வாசிச்சா. நடுவுல நிமிந்து, நாம குளிக்க ஆறா யக்கா இதுன்னு கேட்டா. அஞ்சு பக்கம் தொறந்து வச்சும் மெஷின் அசரல.

குறையும் இருக்கு, மறைக்கக் கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் அதுல கொஞ்சூண்டு தான் இருக்குன்னு நெனைக்கேன், பொத்தான அமுக்குனா விரியுத மெனு எல்லாம் பல எடத்துல விரியல. சில பக்கத்துல ஓரத்துல இருக்க வேண்டிய பட்டி கீழ போயிருது, நீளமான அட்டவணை தெரைய விட்டு வெளிய போவுது. பாடப் புத்தகம் எடுக்கப் போனா வெறும் வெள்ளப் பக்கம். வீடியோ கெடையவே கெடையாது, அது எனக்கு ஒரு வகையில நிம்மதி தான். ஒரு செய்தி சைட்டு நல்லா வந்துச்சு, இன்னொண்ணு தலைப்பு மட்டும் வந்து உள்ள ஒண்ணும் வரல.

அதெல்லாம் பயர்பாக்ஸ்ல யூபிளாக் போட்டுப் பாத்தேன். பாடப் புத்தகத்த அதுல ஒரு தடவ எறக்கி பிடிஎஃப்பா மூணு லேப்டாப்புலயும் போட்டு வச்சாச்சு, இனி அதுக்கு நெட்டே வேண்டாம். ஃபாரமும் ஒண்ணு போட்டுப் பாத்தேன், மத்த டேப் எல்லாத்தையும் மூடிட்டுச் செஞ்சா நிக்காம போவுது. டேட்டாவுல தான் எனக்கே நம்பிக்க இல்ல, முன்னால ஏழு மணிக்கெல்லாம் உங்க டேட்டா முக்காவாசி தீந்துட்டுன்னு மெசேஜ் வந்துரும், நேத்தும் இன்னைக்கும் வரவே இல்ல.

ஐகான் பேர மாத்தி வச்சிருக்கேன். நெட்சர்ஃபுக்கு ‘வாசிக்க’ன்னும் பயர்பாக்ஸுக்கு ‘ஃபாரம்’னும். பிள்ளைங்க கேள்வியே கேக்காம அததத் தொறக்காங்க. குரோமியத்த எடுத்துட்டேன். டில்லோவ ஒரு லேப்டாப்புல மட்டும் விட்டு வச்சிருக்கேன், பத்தாப்பு பய ஒருத்தன் அந்த பக் மீட்டரப் பாத்துட்டு விடமாட்டேங்கான், தானா ஒரு பக்கம் எழுதி தப்பே இல்லாம ஆக்கணும்னு ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருந்தான். பாளைத் தம்பி, இது உங்களுக்காகத் தான் எழுதுதேன்.

ஸிராம் மட்டும் இன்னும் தைரியம் வரல. அண்ணாச்சி கமாண்ட எழுதுனா செய்யுதேன்.


பாளை_பொறியாளன்
ஞாயிறு, இரவு 9:20

அக்கா அந்தப் பயலுக்கு டேக் மூடாம விட்டத எங்கன தேடணும்னு தெரியலன்னா பக்கத்த இங்க ஒட்டச் சொல்லுங்க, நான் பாத்துச் சொல்லுதேன்.

இன்னொண்ணு, கிவிக்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. தமிழ் விக்கிப்பீடியாவ மொத்தமா ஒரே ஃபைலா எறக்கி வச்சு நெட் இல்லாமலே வாசிக்கலாம். ஹாட்ஸ்பாட்ல எறக்காதீங்க, பெரிய ஃபைல். நான் காலேஜ்ல எறக்கி பென்டிரைவ்ல போட்டுத் தாரேன், அம்பாசமுத்திரம் பஸ்ஸுல ஏறுனா வீரவநல்லூர் வழி தான.


ஜங்ஷன்_சர்வீஸ்
ஞாயிறு, இரவு 10:40

தங்கச்சி, ஸிராம் கமாண்ட இப்ப எழுதல. அதுக்கு முன்னால மூணு லேப்டாப்பையும் கவுத்து அடில ஒட்டியிருக்க மாடல் நம்பர போட்டோ எடுத்துப் போடு. அந்தக் காலத்து மெஷின்ல பலதுல ரெண்டாவது ராம் எடம் காலியா இருக்கும். கடையில கழட்டிப் போட்ட டிடிஆர்3 ரெண்டு ஜிபி குச்சி ஒரு டப்பா நெறைய சும்மா கெடக்கு, பொருந்துச்சுன்னா புதங்கெழம சேரமாதேவி வரைக்கும் வார வேலை இருக்கு, அப்படியே கொண்டாந்து மாட்டிட்டுப் போறேன். ஸிராமையும் அங்கனயே ஒக்காந்து போட்டுருவோம்.